காசிமாயனின் தேய்மானக் கணக்கு

அவனியாபுரத்தில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை ஒன்றில் காசிமாயன் ஃபோர்மேன். லாரிக்காரர்கள் உருட்டிவிடும் டயரைக் காலால் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தடவல். "இது இன்னும் ஒரு ஒட்டு தாங்கும்", "இத எடைக்குப் போட்ருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த டயருக்குப் போய்விடுவார். செக்கானூரணிக்கு மேற்கே மானாவாரி பூமியில் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். இத்தனை வருஷமும் ரப்பர் வாசனையிலேயே கிடந்ததில் உலகத்தைப் பற்றி அவர் கண்டுகொண்டது ஒன்றுதான். ஓடுகிற பொருள் தேயும். தேய்கிற பொருள் என்றைக்காவது நடுரோட்டில் காலை வாரும். ஆகையால் எதையும் தேவைக்கு மேல் ஓட்டக்கூடாது.

வீட்டிலும் அதே சட்டம்தான். டிவி ரிமோட் பாலிதீன் உறையை விட்டு வெளியே வந்ததில்லை. மிக்ஸியில் மூன்றாம் நம்பருக்குத் திருகினால் கூடத்திலிருந்து குரல் வந்துவிடும். "இந்த மனுசன் தேய்மானம் பாக்காம ஓட்டுறது என்னைய மட்டுந்தான்" என்பாள் அவர் மனைவி அன்னக்கொடி. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பாரே தவிர மிக்ஸியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் கஞ்சத்தனம் பார்க்காத இடம் ஒன்று உண்டென்றால் அது மகள் இசைவாணியின் படிப்பு. சிவில் இன்ஜினியரிங் முடித்தாள். அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் ஆள் அவள்தான். கண்ணாடி போட்டு மாட்டிய அந்தப் பட்டத்தைப் பார்க்காமல் அவர் வீட்டில் யாரும் காபி குடித்துவிட்டுப் போக முடியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள்கூடப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பட்டம் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கண்டம் இருந்தது. கடைசி வருஷத்தில், யாரோ ஓட்டிக் கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில்தான் அவள் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அதற்குள்ளிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தது. அதோடு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புராஜெக்ட் முழுக்க உள்ளே. காளவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஸ்ரீநாத் அதைக் காதோரம் பிடித்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இசைவாணி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்து கொடுத்துத் தேறினாள். ஆனால் அன்றைக்கு அவள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கையை நனைக்காமல், அழாமல், சும்மா உட்கார்ந்திருந்தது காசிமாயனுக்கு மறக்கவே இல்லை. அழுதிருந்தால் மறந்திருப்பாரோ என்னவோ.

படித்து முடித்தவள் வீட்டிலிருந்தே வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிற வேலையை எடுத்தபோது, காசிமாயன் நேரே ஸ்ரீநாத்திடம் போய் நின்றார்.

"தம்பி, சாகாத டிஸ்க்கு ஒண்ணு போட்டுக் குடு."

ஸ்ரீநாத் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தான். எடையே இல்லை.

"எஸ்எஸ்டி அண்ணே. உள்ள சுத்துற சாமானே கிடையாது. சத்தம் வராது. தட்டுனாலும் முட்டுனாலும் தாங்கும்."

"எம்புட்டு நாள் வரும்?"

"நல்லாவே வரும்ணே. படிக்கிறதுல இதுக்குத் தேய்மானம் பெருசா இல்ல. எழுத எழுதத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். இம்புட்டு எழுதலாம்னு கம்பெனிக்காரனே ஒரு அளவு போட்டிருப்பான், அது வந்து..."

அதற்குள் போன் அடித்தது. ஸ்ரீநாத் அவன் வீட்டாரோடு சௌராஷ்டிர மொழியில் பேச ஆரம்பித்துவிட்டான். அந்த அளவு எம்புட்டு என்பதைக் கேட்காமலே காசிமாயன் வண்டியை எடுத்துவிட்டார். 'தேயும்' என்ற ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சாஃப்ட்வேரையும் ஸ்ரீநாத் போட்டு வைத்திருந்தான். அதைத் திறந்தால் டிஸ்க்கின் ஆரோக்கியம் நூற்றுக்கு எத்தனை என்று காட்டும். காலையில் சுகர் பார்த்த கையோடு அதையும் பார்ப்பது காசிமாயனுக்குப் பழக்கமாயிற்று. பல மாதம் நூறு, நூறு என்றே இருந்தது. ஒரு நாள் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. அன்றைக்கு அவர் பட்டறையில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு மகள் வேலை செய்யும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். சேவ் பண்ணுவதற்கு அவள் எந்த ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்குகிறாள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"இப்பத்தான ஆத்தா அமுக்குன?"

"சேவ் பண்ணேன்ப்பா."

"அதுக்குள்ள என்னத்த மாத்திட்ட? ஒரு கோடு போட்ட. கோட்டுக்கு ஒரு எழுத்தா? வேலை முடியவும் சேத்து ஒருவாட்டி அமுக்கக் கூடாதா? அது தேயுதுல்ல?"

இசைவாணி சொல்லிப் பார்த்தாள். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, போகிறது என்று விட்டுவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, பிளான் வரைகிற ஆட்டோகேட் தானாகவே சேவ் பண்ணிக்கொள்கிறது. கை அமுக்காவிட்டால் என்ன? அப்பாவுக்கு ஒரு நிம்மதி. தானாக நடக்கிற அந்த சேவைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

ஆனால் காசிமாயனின் கண் சும்மா இருக்குமா? திரையின் அடியில் அவ்வப்போது ஓடி மறையும் ஆங்கில வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டு, "தம்பி, தானா சேவ் ஆகுறத நிப்பாட்ட முடியுமா?" என்றார். கம்ப்யூட்டர் திணறுகிறது போலிருக்கிறது என்று நினைத்த அவன், எந்த இடத்தில் டிக் இருக்கும், எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னான். தாயும் மகளும் திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போயிருந்த ஒரு கிருத்திகை அன்று, காசிமாயன் தட்டுத்தடுமாறி அந்த டிக்கை எடுத்துவிட்டார். வேலை முடிந்ததும் அவள்தான் ஒருவாட்டி அமுக்கிவிடுவாளே என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியாக அவருக்காக அவள் ஒன்றை நிறுத்தினாள். அவளுக்காக அவர் இன்னொன்றை நிறுத்தினார். ஒருத்தர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரோடு வாங்கிய யூபிஎஸ்ஸும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரண் மேல் கிடந்தது. பேட்டரி தேயக்கூடாதல்லவா.

அதுவரை இசைவாணி வரைந்ததெல்லாம் வேறு இன்ஜினியர்களுக்காக. பிளானின் அடியில் அவர்கள் பெயர்தான் இருக்கும். அவள் பெயரிலேயே வரப்போகிற முதல் வீடு தாய்மாமன் சிவனாண்டியின் வீடு. அன்னக்கொடியின் அண்ணன் அவர்; திருப்பரங்குன்றத்தில் செங்கல் வியாபாரம். ஊருக்கே செங்கல் போடுகிறவர் என்பதால், ஊரில் உள்ள எல்லா இன்ஜினியரையும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு உண்டு.

"கொத்தனாருக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் ஏற்கனவே ஒரு பிளான் போட்டு வச்சிருக்காரு. தங்கச்சி கேட்டாளேன்னுதான் புள்ளகிட்டக் குடுக்குறேன். பாப்போம், நெலைப்படி நேரா வருதான்னு" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்.

வைகாசியில் பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. காலையில் பூஜை, அது முடிந்த கையோடு பிளானைப் பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும். பூஜைக்கு முதல் நாள்தான் மனையை அளந்த விவரம் வந்தது. ஒரு பக்கம் கோணல். சிவனாண்டி கொடுத்த அளவில் அந்தக் கோணலே இல்லை. போட்டு வைத்த பிளான் ஒன்றுக்கும் ஆகாது. இசைவாணி காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, புதுசாக ஒரு பக்கத்தைத் திறந்து, முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தாள். சாயங்காலம் மாமா கையில் கொடுத்துவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த காசிமாயன், மகள் முதுகைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்திருந்தார். திரையில் ஒரு வீடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அளவு எழுதுகிற வேலை மட்டும் பாக்கி. காலையிலிருந்து அவள் ஒருவாட்டிகூட அந்தப் பட்டனை அமுக்கவில்லை என்பதை நினைத்து உள்ளுக்குள் அவருக்குப் பெருமைகூட.

வெளியே கோடை மழைக்குக் காற்று கிளம்பியது. எங்கோ கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்தது. ஃபேன் ஒரு சுற்றுத் தளர்ந்து நின்றது. திரை கறுத்துப்போயிற்று.

"கரண்டு போச்சு" என்றாள் அன்னக்கொடி அடுப்படியிலிருந்து.

காசிமாயன் கறுத்த திரையையே பார்த்தார். இசைவாணியோ சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன்ப்பா இப்பிடி முழிக்கிறீங்க? ஒண்ணும் ஆகாது. போனா ஒரு பத்து நிமிச வேலைதான் போயிருக்கும்."

அவர் எழுந்தார். ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி யூபிஎஸ் பெட்டியை இறக்கி, அவசரமாகப் பிரித்தார். பட்டனை அமுக்கியதும் ஒரு சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டியது, ஒரு கீச்சுச் சத்தம், அவ்வளவுதான்.

"சார்ஜ் ஏத்தாமயே போட்டு வச்சா பேட்டரி செத்துரும்ப்பா. ஓடாமயே போயிருச்சு பாருங்க" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஒருவேளை இருந்துவிட்டால்? கம்ப்யூட்டருக்கு நம்மைவிட அறிவு ஜாஸ்திதானே, எங்கேயாவது எடுத்து வைத்திருக்காதா?

சாயங்காலம்தான் கரண்டு வந்தது. இசைவாணி உட்கார்ந்து தேடினாள். ஒரு இடத்தில் தேடினாள், இன்னொரு இடத்தில் தேடினாள். தோள் மெதுவாக விறைப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. கடைசியில் அந்த டிக் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தாள்.

"இத யாரு எடுத்தது?"

"நாந்தான் ஆத்தா."

அன்னக்கொடி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். இசைவாணி திரும்பவே இல்லை.

"எதுக்குப்பா?"

"எழுத எழுதத் தேயுதுன்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. தொண்ணூத்தொம்பது ஆயிருச்சு. திரும்பவும் அந்த மாதிரி ஒரு நாள்..."

சத்தம் போட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் போடவில்லை. பேப்பரில் வரைந்து பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"யப்பா, இந்த டிஸ்க்குல எழுதலாம்னு போட்டிருக்கிற அளவு மூணு லட்சம் ஜிபிக்குக் கிட்ட. என் பிளான் ஒண்ணு போன்ல எடுக்கிற போட்டோவவிடச் சின்னது. நான் நாள் முழுக்க அமுக்கிக்கிட்டே இருந்தாலும், நான் கெழவியாகிப் போய்ச் சேந்த பெறகும் அது இருக்கும். நீங்க காலையில ஹெல்த் பாக்கணும்னு ஆன் பண்றீங்கல்ல, அப்ப விண்டோஸ் எழுதுறது நான் நூறுவாட்டி சேவ் பண்றதவிட ஜாஸ்தி."

"அப்ப இது சாகாதா?"

"சாகும். தொண்ணூத்தொம்பது காட்டிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு போனாலும் போகும். உள்ள ஒரு சில்லு போச்சுன்னா சத்தங்கூட வராது. அதுக்குப் பொத்திப் பொத்தி வைக்கிறது மருந்தில்ல. இன்னொரு எடத்துல காப்பி வைக்கணும், அம்புட்டுத்தான்." அப்புறம் மெல்லச் சொன்னாள், "நீங்க வருத்தப்படுறீங்கன்னுதான் நானும் கையால அமுக்காம இருந்தேன்."

அவருக்கு அது டயர் வெடித்த சத்தம் போல விழுந்தது.

"இப்ப எம்புட்டு நேரம் வேணும்?"

"ராத்திரி இந்தக் காத்துக்குக் கரண்ட நம்ப முடியாது. நாளை மதியம் வரைக்கும் வேணும். மாமா பொறுக்க மாட்டாரு. பூஜை முடிஞ்சதும் அந்த ஆளு பிளானை எடுத்துருவாரு." சொல்லிவிட்டு, புதுசாக ஒரு பக்கத்தைத் திறந்து பெயர் வைத்தாள். முதல் வேலையாக அந்த ரெண்டு பட்டனையும் அமுக்கினாள்.

காசிமாயன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வழி நெடுக யோசித்தார். கரண்டு மேல் பழியைப் போட்டுவிடலாம். காற்றையும் மழையையும் சிவனாண்டியும் பார்த்திருப்பார். ஆனால் மச்சான் என்ன சொல்வார்? 'கரண்டு போனதுக்கே பிளானும் போச்சுன்னா அவ என்ன இன்ஜினியரு' என்பார். அந்தச் சொல் கல்யாண வீடு, காதுகுத்து வீடு எல்லாம் சுற்றி வரும். பொய்யிலும் அடி மகளுக்குத்தான். திருப்பரங்குன்றம் பாலம் ஏறும்போது அவர் முடிவு செய்துவிட்டார்.

"வாங்க மாப்ள! கையோட கொண்டாந்துட்டீங்களா?" சிவனாண்டி வாசலில் ஈர மணலைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல மச்சான். பிளானு அழிஞ்சு போச்சு. புள்ள மேல தப்பில்ல. அவ காலையிலருந்து உக்காந்து முக்காவாசிக்கு மேல முடிச்சிட்டா. நாந்தான் கெடுத்தேன்."

"நீங்களா? நீங்க என்னத்தக் கெடுத்தீங்க?"

காசிமாயன் ஒன்று விடாமல் சொன்னார். டிஸ்க்கு தேயும் என்று பயந்தது, மகளை அமுக்கவிடாமல் செய்தது, அவளுக்குத் தெரியாமல் டிக்கை எடுத்தது, பேட்டரியைப் பரணில் வைத்துக் கொன்றது. சிவனாண்டியின் முகம் முதலில் கடுத்தது. பேட்டரிக் கதை வந்ததும் உதடு துடித்தது. அப்புறம் அடக்க முடியவில்லை.

"ஏய், இங்க வந்து கேளுடி! மாப்ள கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் பாத்திருக்காரு!" என்று உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். மணல் தள்ளுகிறவன் முதற்கொண்டு சிரித்தார்கள். "ஏன் மாப்ள, அடுத்து அதுக்கும் ரப்பர் ஒட்டிருவீகளோ?"

"ஒட்டுனாலும் ஒட்டுவேன் மச்சான். நீங்க சிரிச்சுக்கங்க. நாளைக்கு மதியம் வரைக்கும் கொத்தனாரை நிப்பாட்டி வைங்க. அது போதும்."

சிவனாண்டி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் மகள் பெருமையைத் தவிர வேறு பேசாத ஆள், ஏழெட்டுப் பேர் முன்னால் தன்னை முட்டாளாக்கிக்கொண்டு நிற்கிறார்.

"சரி. மதியம் வரைக்கும். அதுக்கு மேல போச்சுன்னா அந்த ஆளு பிளானுதான், சொல்லிப்புட்டேன். தங்கச்சி வந்து அழுதாலும் கேக்க மாட்டேன்."

மறுநாள் பூஜைக்கு அன்னக்கொடி மட்டும் போனாள். வீட்டில் காசிமாயன் மகளுக்குப் பின்னால் உட்காரவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து அந்த ரெண்டு பட்டன் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்திருந்தார். கொஞ்ச நேரம் வராவிட்டால் "அமுக்கு ஆத்தா" என்றார். பதில் வரவில்லை, சத்தம் வந்தது. முடித்ததும் பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று அவள் காப்பி போட்டதை அவர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் ஏறியிருந்தது. கொத்தனார் வேப்பமரத்து நிழலில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

சிவனாண்டி பிளானை வாங்கி, செங்கல் அடுக்கின் மேல் விரித்தார்.

"என்ன வாணி, கோணப் பக்கத்துல இம்புட்டு எடத்த வெட்டியா விட்டுட்ட?"

"வெட்டியா விடல மாமா. மாடிப்படி அங்க வருது. கோணலெல்லாம் படிக்கு அடியிலேயே போயிரும். உள்ள ஒரு ரூம்புகூடக் கோணலா வராது. நேத்து போட்டதுல படி கூடத்துக்குள்ள இருந்துச்சு, ரெண்டாவதுவாட்டி போடும்போதுதான் இது தோணுச்சு."

கொத்தனார் எட்டிப் பார்த்தார். விரலால் படியைத் தொட்டு, கூடத்தைத் தொட்டு, ஏதோ கணக்குப் போட்டார்.

"நம்ம ஆளு போட்டதுல அடுப்படியே கோணலாத்தான் வருதுண்ணே. இதுக்கே நூலைக் கட்டிருவோம்."

சிவனாண்டி அந்தப் படியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பிளானைச் சுருட்டி இசைவாணி கையிலேயே கொடுத்தார்.

"அப்ப நீயே முன்ன நின்னு அளந்து குடுத்துரு. பாத்து இழுங்கப்பா, டேப்பு தேஞ்சிரும்னு மாப்ள வருத்தப்படுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். காசிமாயன் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு ஒதுங்கி நின்றார். நேற்றிலிருந்து மகள் அவரிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இனி எத்தனை வீட்டு விசேஷத்துக்கு இந்தச் சிரிப்பு வரப்போகிறதோ என்பதைவிட அதுதான் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

இசைவாணி டேப்பை எடுத்துக்கொண்டு மூலையில் ஆணி அடித்திருந்த முளைக்குப் போனாள். பிடிக்க ஆள் வேண்டும். கொத்தனாரின் ஆள் ஒருவன் எழுந்து வந்தான்.

"நீங்க இருங்கண்ணே" என்று அவனை நிறுத்திவிட்டு, அவள் திரும்பிப் பார்த்தாள். "யப்பா, இங்க வாங்க. இத இந்த ஆணியில வச்சுப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விட்ராதீங்க."

காசிமாயன் விறுவிறுவென்று வந்து குனிந்தார். டேப்பின் நுனியை ஆணியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். மகள் பின்னால் நடந்து நடந்து, கோணல் பக்கத்து மூலை வரைக்கும் டேப்பை இழுத்துக்கொண்டு போனாள்.

"டைட்டாப் பிடிச்சிருக்கீங்களாப்பா?"

"பிடிச்சிருக்கேன் ஆத்தா. நீ இழு."